சோறு பிசையும் கை

மெர்லினின் பள்ளிக்கூடப் பாவாடை இடுப்பில் பிடித்தது. பிள்ளை சதை போடுகிறாள் என்று சந்தோஷப்பட்டேன். அன்று குளிப்பாட்டும்போதுதான் சரியாகப் பார்த்தேன். வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருந்தது. கையும் காலும் குச்சி. முதுகில் எலும்பை எண்ணலாம். என் மகளுக்கு அப்போது ஏழு வயது.

உள்ளூர் டாக்டர்கள் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள், இரும்புச் சத்து டானிக் கொடுத்தார்கள். கூடவே இருந்த வயிற்றுப்போக்கு நின்றபாடில்லை. கடைசியில் காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் எடுத்தார்கள். எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்து, பயாப்சிக்கும் (குடலிலிருந்து துளித் திசு எடுத்துச் சோதிப்பது) அனுப்பினார்கள். முடிவு வருகிற அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் என் கணவர் அருளும் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேர் வாயிலும் ஒரே சொல்தான் இருந்தது. அதைச் சொல்லத் துணிச்சல் இல்லை.

"கேன்சர் இல்லைம்மா," என்றார் டாக்டர். "செலியாக்னு ஒரு நோய். கோதுமை ஆகாது. வாழ்நாள் முழுக்க ஆகாது."

"அவ்ளோதானா டாக்டர்?" என்று அருள் சிரித்தே விட்டார். நாங்கள் மூன்று வேளையும் அரிசி தின்கிற ஜனம். டாக்டர் சிரிக்கவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் எழுதுகிறேன். கோதுமை, மைதா, ரவை, பார்லி எல்லாவற்றிலும் குளூட்டன் (மாவைப் பிசைந்தால் இழுபடச் செய்யும் புரதம்) இருக்கிறது. பரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கிழியாமல் விரிவது அதனால்தான். அது முழுதாகச் செரிப்பதில்லை. மிச்சத் துண்டுகள் குடல் சுவரைத் தாண்டி உள்ளே போகின்றன. அங்கே ஒரு நொதி (உடலின் ரசாயன வேலைகளை நடத்தும் புரதம்) அந்தத் துண்டுகளைச் சற்று மாற்றிவிடுகிறது. அதற்கான மரபணுவோடு பிறந்த சிலருக்கு, அப்படி மாறிய துண்டைக் கண்டதும் நோய் எதிர்ப்புச் சக்தி எதிரி வந்துவிட்டான் என்று கிளம்புகிறது. எதிர்ப்பொருள்கள் (எதிரியை அடையாளம் காண உடல் செய்துகொள்ளும் புரதங்கள்) உண்டாகின்றன. சொந்த நொதியையே அவை குறிவைக்கின்றன. அடி வாங்குவது சொந்தக் குடல். சத்தை இழுக்கிற குடலுறிஞ்சிகள் (குடலின் உட்சுவரில் உள்ள பொடிப்பொடி முளைகள்) தேய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் எவ்வளவு ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது.

"கொஞ்சூண்டு தெரியாம போய்ட்டா?" என்று கேட்டேன்.

"கொஞ்சூண்டும் கூடாதும்மா. ரொட்டித் துணுக்கு கூட தினமும் போனா போதும், உடம்பு சண்டைய நிறுத்தாது."

வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட், ரவை, சேமியா எல்லாம் வெளியே போயின. மைதா கலந்திருக்கும் என்றதால் பெருங்காயமும் போயிற்று. நாங்கள் பட்டுப்புடவைக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி செய்கிறவர்கள். வீட்டுக் கூடத்திலேயே வேலை. அருள் அட்டை வெட்டுவார், நான் பசை காய்ச்சித் தடவி ஒட்டுவேன். நடுவில் எழுந்து வந்து, சோற்றைக் குழையப் பிசைந்து நானே மெர்லினுக்கு ஊட்டுவேன். இந்த வயசில் ஊட்டுவதா என்று அருள் கேலி செய்வார். நான் ஊட்டினால் இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும்.

சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எதிர்ப்பொருள் அளவு இறங்கவே இல்லை.

"வெளில ஏதாவது சாப்பிடறாளா?" என்றார் டாக்டர்.

"என் கையால தவிர ஒரு பருக்க கூட உள்ள போகல டாக்டர்."

அப்படியானால் வேறு சிக்கல் இருக்கிறதா என்று தேட வேண்டும், அடுத்த சோதனையிலும் இறங்காவிட்டால் மறுபடி குழாய் விட வேண்டும் என்றார். பேருந்தில் மெர்லின் என் மடியில் தூங்கினாள். எடையே தெரியவில்லை.

பயம் எனக்குக் கோபமாகத்தான் வரும். வகுப்பு டீச்சரிடம் சண்டை போட்டேன். பக்கத்து வீட்டு பர்வீன் வாசலில் நின்று, "என் பொண்ணுக்கு இன்னா குடுத்துக்கினு இருக்கே நீ?" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

"அல்லா மேல சத்தியமா ஒண்ணும் குடுக்கலமா," என்று அவள் அழுதாள். நான் நம்பவில்லை.

கோடை விடுமுறைக்கு மெர்லினை மாகறலில் என் அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தவளுக்குக் கன்னம் உப்பியிருந்தது. வயிறு வற்றியிருந்தது.

"இன்னாக்கா குடுத்த?"

"நீ சொன்னதத்தான். சோறு, மீன் கொழம்பு, கேவுரு கூழு. கேட்டுக் கேட்டு துன்னாமா."

சந்தோஷப்பட வேண்டியவள் பொறாமைப்பட்டேன். ஆனால் பள்ளி திறந்து கொஞ்ச நாளில் வயிறு மறுபடி ஊதியது. அங்கே தேறுகிறாள், இங்கே வாடுகிறாள். என் வீட்டுக்குள் எதுவோ இருக்கிறது என்று புரிந்தது. அரிசியை மாற்றினேன், எண்ணெயை மாற்றினேன், பானையை மாற்றினேன். அது எது என்று தெரியாமல் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கவே பயந்தேன்.

கல்யாண சீசன். பெட்டிகள் குவிந்து கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கையை அலசிவிட்டு வந்து தயிர்சோறு பிசைந்தேன். மெர்லின் வாயைத் திறந்தாள். கவளத்தைத் தூக்கும்போது என் கட்டைவிரல் நகத்தோரம் கண்ணில் பட்டது. காய்ந்த பசை ஊறி, வெள்ளையாய்ச் சோற்றோடு இழைந்திருந்தது.

நாங்கள் காய்ச்சுவது மைதாப் பசை. அதே அடுப்பு, அதே கரண்டி, அதே விரல்கள். தின்கிற சாமானையெல்லாம் சல்லடை போட்டுத் தேடியவளுக்கு இது தோன்றவில்லை. பசையை யாரும் சாப்பிடுவதில்லையே.

"இன்னாமா?" என்றாள்.

"வாய மூடு," என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நான் சொன்னதைக் கேட்ட டாக்டர், "இதுவாத்தான் இருக்கணும். நல்லவேளை பாத்தீங்க," என்றார். பசை வேலையை அருள் வெளியே ஒரு கொட்டகைக்குக் கொண்டுபோனார். குளித்து உடுப்பு மாற்றித்தான் வீட்டுக்குள் வருவார். நான் மைதாவைத் தொடுவதில்லை. பர்வீனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அடுத்தடுத்த சோதனைகளில் அளவு மெல்ல இறங்கியது. குழாய் விடத் தேவைப்படவில்லை.

உங்கள் பிள்ளைக்கும் இந்த நோயின் பெயரைச் சொல்லியிருந்தால், சாப்பிடுகிற பொருளோடு தேடலை நிறுத்திவிடாதீர்கள். கை எதையெல்லாம் தொடுகிறது என்றும் பாருங்கள்.

பாவாடை இப்போது நீளத்தில் பற்றவில்லை. பயம் மட்டும் போகவில்லை. எங்கள் வீட்டில் வருஷம், மாதம் எல்லாம் ஒரு ரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்ததுவரைதான். என் கை எனக்கே அந்நியமாகிவிட்டது. சோப்புப் போட்டுப் போட்டுத் தோல் வெடித்திருக்கிறது.

போன வாரம் மெர்லினுக்குக் காய்ச்சல். "நீ ஊட்டுமா" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு சோறு பிசைய உட்கார்ந்தேன். தட்டில் கை வைக்கும் முன் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகத் திருப்பி நகத்தைப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். பார்த்து முடிக்கும்வரை கையை நீட்டிக்கொண்டே இருந்தேன்.

"சரிமா," என்று வாயைத் திறந்தாள்.