கையை எடுத்தாலும் நிற்கணும்

கேன்டீன் மேசையில் விரல் முட்டியால் ஒரு தட்டு. தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்து டீ டம்ளரை உற்றுப் பார்க்கிறார். டீயின் மேல் ஓர் அலை போகிறது, இன்னொன்று போகிறது, அப்புறமும் ஒன்று. "ரொம்ப ஆடுதே" என்று முணுமுணுத்தபடி ஒரு காகிதத்தை மடித்து மேசைக்கால் அடியில் செருகுகிறார். மறுபடி ஒரு தட்டு. இப்போது ஒரே அலை. அதற்குள் டீ ஆறிப்போனது வேறு விஷயம்.

ஆபீசில் அவருக்குத் தட்டக்கா என்று பெயர். கதவு, நாற்காலி, எதையும் தட்டாமல் விட மாட்டார். தானாகச் சாத்திக்கொள்ளும் கதவுக்கு ஸ்க்ரூவைத் திருகிப் பக்குவம் செய்தவரும் அவரே. அது அறையக் கூடாது, ஆடவும் கூடாது, போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். அந்த பஸ்ஸில் ஏறினால் தட்டக்காவின் கண் மேலே தொங்கும் கைப்பிடிகளில்தான் இருக்கும். பிரேக் போட்டதும் அவை சட்டென்று நின்றால், "ஏங்க, இன்னைக்கு நல்லா நிறுத்துனீங்க" என்று பாராட்டுவார். வீட்டுச் சண்டைக்கும் அதே கணக்கு.

"உங்களுக்குக் கோவம் வர்றது தப்பில்லீங்க. வந்துட்டு அடங்க மாட்டேங்குதே, அதான் தப்பு."

"நீ தட்டாம இருந்தா நான் ஏன் ஆடப் போறேன்?"

தட்டக்காவின் பிழைப்பே இதுதான். உடம்புக்குள் பார்க்கும் ஸ்கேன் மிஷினில், பட்டுத் திரும்பி வரும் ஒலி அலையை எண்ணாக மாற்ற அவர் குழு செய்வது ஒரு சர்க்யூட். அது கண் இமைப்பதற்குள் கோடிக்கணக்கில் எண்களைத் தர வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும், அலையைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயர் துள்ளி எழுந்து, ஆட்டம் அடங்கி நிற்க வேண்டும். அப்புறம்தான் படிக்க வேண்டும். ஆடும்போதே படித்தால் எண் பொய். பொய் எண்ணை வைத்துக்கொண்டு டாக்டர் எதைப் பார்ப்பார்? வேகத்தைக் குறைத்தால் எதுவும் அடங்கும், அதற்குத் தட்டக்கா தேவையில்லை. வேகமும் வேண்டும், நிதானமும் வேண்டும் என்கிற இடத்தில்தான் வேலையே இருக்கிறது.

மிஷின் செய்கிற கம்பெனிக்காரர்கள் பார்க்க வந்த அன்று காலை மானம் போனது. வருகிறவர்களுக்காகத் தட்டக்கா மேசையை ஒழுங்கு செய்து, சர்க்யூட்டில் மாட்டியிருந்த அளவுக் கருவிகளைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். முந்தின நாள்வரை கல் மாதிரி நின்ற எண்கள் அவர்கள் கண்ணெதிரே குதித்தன. மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது.

"நேத்து நல்லாத்தானேம்மா இருந்துச்சு?"

வந்தவர்களில் பெரியவர் நல்ல மனிதர்தான், ஆனால் பூசி மெழுகத் தெரியாதவர். "சாப்பிட்டுட்டு வர்றோம். அப்பவும் ஆடுச்சுன்னா வெளியில ரெடியா விக்கிற சிப்பையே வாங்கிக்கிறோம். தப்பா எடுத்துக்காதீங்க." அப்படி வாங்கினால் இந்தச் சர்க்யூட் அலமாரிக்குப் போகும். தட்டக்காவின் குழுவைக் கலைத்து ஆளுக்கொரு மூலையில் போடுவார்கள். வந்தவர்கள் சாப்பிடப் போனார்கள். கதவு மட்டும் ஆடாமல் சாத்திக்கொண்டது.

தட்டக்கா ப்ரோபை எடுத்தார். அலையை அளக்க உதவும் ஊசிமுனை அது. ஆம்ப்ளிஃபயரின் கம்பிக் கால் ஒன்றில் வைத்தார். எண்கள் கப்சிப். எடுத்தார், குதித்தன. வைத்தார், கப்சிப்.

"அட, நான் பார்த்தா நல்ல பிள்ளை. பார்க்கலைன்னா ஆட்டமா?"

போர்டுகளில் பற்றவைக்கும் சால்டரிங் அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, மிஷின் விக்கிறப்ப உன்னையும் கூடவே அனுப்பிட வேண்டியதுதான். பக்கத்துல நின்னு புடிச்சுக்கிட்டே இரு."

"புடிச்சுக்கிட்டேவா..." தட்டக்கா பேச்சை நிறுத்தினார். ப்ரோபைக் கீழே வைத்துவிட்டுச் சுண்டுவிரலால் அதே காலைத் தொட்டார். ஆட்டம் அடங்கியது. அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணே, மேசை மேல கைய ஊனிக்கிட்டு, மேசை ஆடலைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்திருக்கேன்ணே!"

அளக்கிற ஊசிமுனைக்கும், விரலுக்கும் துளி மின்சாரத்தைப் பிடித்துவைக்கும் குணம் உண்டு. அந்தத் துளிதான் ஆட்டத்தை அடக்கியிருக்கிறது. அளந்தவரே முட்டுக் கொடுத்திருக்கிறார். இப்படி ஏமாறுவதற்கும் தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

இனி அந்தத் துளி போர்டிலேயே இருக்க வேண்டும். அதைப் பிடித்துவைக்க அண்ணன் எள்ளைவிடச் சிறிய கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தார்.

"அடங்கிருச்சும்மா!"

"அடங்கலண்ணே, தூங்கிருச்சு. வேகமே போச்சு. இன்னும் கம்மியா ஒண்ணு போடுங்க."

போட்டார். லேசாக ஆடியது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேடி எடுத்தார். தும்மினால் பறந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டே வைத்தார்.

சாப்பிடப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். எண்கள் நின்றன. மேனேஜர் பெருமையாக, "இதோ இந்த இடம்தான்" என்று போர்டை நோக்கி விரலை நீட்டினார்.

"கைய எடுங்க சார்!" தட்டக்கா போட்ட சத்தத்தில் அறையே அதிர்ந்தது. "எல்லாரும் கையக் கட்டிக்குங்க. யாரும் தொடக் கூடாது. நின்னா அதுவா நிக்கணும்."

பெரியவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டார். அலையைக் கூட்டிப் பார்த்தார்கள், குறைத்துப் பார்த்தார்கள், வேகத்தை முழுதாகத் திறந்துவிட்டார்கள். எண்கள் அசையவில்லை.

"சரிம்மா. இதையே போட்டுக்கலாம்" என்றார் பெரியவர், கட்டிய கையை அவிழ்க்காமலே.

மேனேஜருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணனைக் கட்டிப் பிடித்தார், நாற்காலியில் இடித்துக்கொண்டார், உடம்பு குலுங்கச் சிரித்தார். தட்டக்கா அவர் பக்கத்தில் போய்த் தோளில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு தலையைச் சாய்த்து, எப்போது அடங்குகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.