காகிதத்தில் திரும்பி வந்த அலை

காலை ஆறு ஐம்பது. காரைக்குடி ரயிலடியில் அன்று நான் முதலில் பார்த்தது, பிஸ்கட் டின் ஒன்றை இரண்டு கைகளாலும் அணைத்தபடி நின்ற கணித விரிவுரையாளரை. டின்னுக்குள் இருந்தவை துளையிட்ட அட்டைகள். சென்னைக்குப் போகிற சக ஆசிரியர் ஒருவர் அவற்றை அங்குள்ள கம்ப்யூட்டரில் கொடுத்து, விடையை வாங்கி வர வேண்டும். வரிசை கலைந்தால் கணக்கே கெட்டுவிடும் என்று, திருச்சி பாசஞ்சர் நகரும்வரை ஜன்னலோரம் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எழுபதுகளின் பிற்பகுதி. நான் ஒரு நாளிதழின் உள்ளூர் நிருபர். சொந்தக்காரர்கள் வெளியூரில் இருந்த ஒரு பெரிய வீட்டில் அந்த விரிவுரையாளரும் நானும் வாடகைக்கு இருந்தோம். அவருக்குத் தற்காலிக வேலை. ஜூனுக்குள் ஆய்வுப் பட்டம் கிடைத்தால் நிரந்தரம்; இல்லையென்றால் வேறு ஊர் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் அவருக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு வாய்ப்புதான்.

கணக்கு இது. கடலில் ஒரு தூண் நிற்கிறது. அலை அதில் மோதிச் சிதறி எல்லாப் பக்கமும் போகிறது. எந்தத் திசையில் எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். முடிவில்லாத கடல் கம்ப்யூட்டருக்குள் கொள்ளாது. ஆகவே தூணைச் சுற்றி ஒரு சதுரம் வரைந்து, கடல் இத்தோடு சரி என்று நிறுத்துவார். சிதறிய அலை அந்தக் கோட்டில் சுவரில் பட்டதுபோல் முட்டித் திரும்பி வந்து விடையைக் கெடுக்கும். அங்கே கோடே இல்லாததுபோல் அலை வெளியேற ஒரு நிபந்தனை வேண்டும். சில வருடங்களாக அதைத்தான் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தார்.

இதை ஞாயிறு பதிப்புக்கு எழுதி அனுப்பினேன். மதுரை அலுவலகத்தில் தலைப்பு வைத்தார்கள்: 'கடல் அலைக்கு அணை போட்ட காரைக்குடிக்காரர்.' கல்லூரியில் அவருக்கு 'அணைக்கட்டு' என்று பெயர் விழுந்தது. அந்த வாரமே தொண்டியிலிருந்து ஒரு பாய் வீட்டுக்கே தேடி வந்துவிட்டார். கரையில் கட்டிய அவருடைய வள்ளங்கள் அலையில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றனவாம்.

“அலைய நிப்பாட்டுற கணக்கு வச்சிருக்கீகளாமே?”

“நிப்பாட்டல, பாய். போக விடுறதுதான் என் கணக்கு.”

“போறதப் போக விட எதுக்குக் கணக்கு? அது பாட்டுக்குப் போயிருமே.”

“கடல்ல போயிரும். காகிதத்துலதான் திரும்பி வருது.”

“அப்ப எங்க கடல விட உங்க கடலுல்ல பொல்லாததா இருக்கு” என்றார் பாய். காபி குடித்துவிட்டு மத்தியான பஸ்ஸுக்குப் போனார்.

சென்னை போனவர் திரும்பினார். கம்ப்யூட்டர் விடையை அச்சடித்து மடிப்பு மடிப்பாக வந்த தாளை, முற்றத்தைச் சுற்றிய வளவின் தூண்களை ஒட்டி நீளமாக விரித்தோம். பறக்காமல் இருக்க என் செருப்பையும் அவர் டிபன் கேரியரின் அடுக்குகளையும் மேலே வைத்தோம். நான் எண்களை வாசிக்க வாசிக்க அவர் வரைபடத்தாளில் புள்ளி வைத்தார். எண்களில் ஒன்றுகூட இப்போது எனக்கு ஞாபகமில்லை. அவர் பென்சில் சீவிய சத்தமும், முற்றத்திலிருந்து தாளின் மேல் சாய்ந்த வெயிலும் அப்படியே இருக்கின்றன.

முன்பெல்லாம் ரம்பப் பல்லாக ஏறி இறங்கிய கோடு இம்முறை வழவழவென்று போனது. சதுரத்தின் மூலைகளை நோக்கிய திசைகளில் மட்டும் சின்ன நெளிவு.

“நேரா வந்ததெல்லாம் போயிருச்சு. சாஞ்சு வந்ததுல கொஞ்சம் திரும்புது” என்றார்.

அந்தத் திசைகளை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். அடுத்த எண்ணை வாசிக்கச் சொன்னார். நெளிவின் அளவையும் காரணத்தையும் ஆய்வேட்டில் தனிப் பிரிவாகவே எழுதினார். மே மாத வாய்மொழித் தேர்வில் பெரும்பாலான கேள்விகள் அந்தப் பிரிவைப் பற்றித்தான் இருந்தனவாம்.

பட்டம் கிடைத்துவிட்டது. ஜூனில் கல்லூரி திறந்தது. முதல் பாடவேளை அவருடையது.