கேலிக்கு உறவு வேணும்

எங்கள் கல்லூரி நூலகத்தில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. போன வருஷம் கலைவிழாவுக்கு முந்தின நாள் உயர்த்தினேன். இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

ஜாம்பியாவிலிருந்து ஒரு பெண் எங்களிடம் பார்மசி படிக்க வந்திருந்தாள். தினமும் மதியம் நூலகத்துக்கு வருவாள். முதல் வாரத்தில் நானும் அசட்டுத்தனமாகத்தான் இங்கிலீஷில் கேட்டேன்: "உங்க ஆப்பிரிக்க பாஷையில நன்றிக்கு என்ன சொல்லுவீங்க?"

சிரித்துவிட்டாள். "எந்த பாஷையில அக்கா? அம்மா டோங்கா, 'ட்வலும்பா'ம்பாங்க. அப்பா லோசி, 'நி இட்டுமேசி'ம்பாரு. நான் வளர்ந்த செம்புச் சுரங்க ஊர்ல எல்லாரும் பெம்பா பேசுவாங்க."

டோங்காக்காரர்களும் லோசிக்காரர்களும் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் பண்ணலாமாம், சாவு வீட்டில்கூட. கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது வழக்கமாம். நம் மாமன் மச்சான் கேலி மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

விழாவில் அதையெல்லாம் ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஊரிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட சிட்டெங்கே துணியை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். நிகழ்ச்சிப் பட்டியல் வந்தது. அவள் பெயருக்கு நேரே 'ஆப்பிரிக்கக் காட்டுவாசி நடனம்' என்று போட்டிருந்தார்கள். ஆறு பையன்கள் கறுப்புச் சாயம் பூசி, இலைப் பாவாடை கட்டி ஆடுவார்களாம். நடுவில் இவள் ஈட்டியோடு நிற்க வேண்டுமாம்.

அவளைக் கூட்டிக்கொண்டு விழாப் பொறுப்பாளரிடம் போனேன்.

"சார், இந்தப் பொண்ணக் கேட்டீங்களா?"

"இதுல கேக்க என்ன மேடம் இருக்கு? அவங்க கல்ச்சர்தானே?"

"எது கல்ச்சர்? இவ அப்பா ஸ்கூல் ஹெட்மாஸ்டர் சார். இவங்க தலைநகரம் லுசாகாவுல நம்ம பொண்ணு கையில மகுடியக் குடுத்து, பாம்பாட்டியா ஆடுன்னா சும்மா இருப்பீங்களா?"

"ஜாலியா எடுத்துக்கங்க. ஜனங்க ரசிப்பாங்க."

"அஞ்சு நிமிஷம் பேச விடுங்களேன்."

"டைம் இல்ல மேடம்." மூன்று சினிமாப் பாட்டு டான்ஸுக்கு மட்டும் டைம் இருந்தது.

"நான் ஆட மாட்டேன் சார்" என்றாள் அவள், இங்கே வந்து கற்றுக்கொண்ட தமிழிலேயே, நிதானமாக.

அவர் பேனாவை எடுத்து அவள் பெயரை மட்டும் அடித்தார்.

மறுநாள் அந்த ஆறு பேரும் ஊளையிட்டுக்கொண்டு ஆடினார்கள். பாதிப் பேர் சாயம் இல்லாமலே அவளைவிடக் கறுப்பு. முன்வரிசையில் பெரியவர்கள் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்து இழுத்தும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். புகார் எழுதிக் கொடுத்தேன். யார் மனதையும் புண்படுத்தும் நோக்கமில்லை என்று எனக்குப் பதில் வந்தது. புண்பட்டவளிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளை ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறினோம். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது சொன்னாள்.

"கேலி எனக்குப் புதுசு இல்ல அக்கா. ஆனா கேலிக்கு உறவு வேணும். இவங்க எனக்கு யாரு?"

இந்த வருஷம் விழாக் குழுவுக்குப் பெயர் கேட்டபோது, முதல் ஆளாக என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். பொறுப்பாளருக்கு முகமே சரியில்லை.