சுடுதண்ணி ஹீற்றருக்காக நான் கேட்ட ஜெபம்

குளியலறைக் குழாயைத் தொட்டால் கை விறுவிறுத்தது. முதல் நாள் நான் அதை நம்பவில்லை. பிள்ளையோடு இரவு முழுவதும் தூக்கமில்லை, நரம்புதான் இழுக்கிறது என்று நினைத்தேன். அடுத்த நாள் ஈரக் கையோடு தொட்டபோது முழங்கைவரை ஏறியது. என் மகன் யோவேல் பக்கத்தில் பிளாஸ்ரிக் பேசினுக்குள் இருந்து தண்ணீரை அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்போது அவனுக்கு ஒரு வயதாகவில்லை. பிறந்ததிலிருந்து நெஞ்சில் இழுப்பு. அதற்காகத்தான் கொழும்பில் கொட்டாஞ்சேனையில் கணவரின் அண்ணன் வீட்டில் இருந்த ஒற்றை அறையை விட்டு, கடற்காற்று வரும் என்று வெள்ளவத்தைக்கு வந்தோம். எங்கள் சபையைச் சேர்ந்த ராணி அன்ரி தன் வீட்டின் மேல்மாடியை எங்களுக்கு வாடகைக்குத் தந்தா. கணவரை இழந்தவ. பிள்ளைகள் வெளிநாட்டில். விசுவாசக் குடும்பம் என்றபடியால் மற்றவர்களிடம் கேட்பதுபோல எங்களிடம் முற்பணம்கூடக் கேட்கவில்லை. அப்படிப்பட்டவவிடம் போய் உங்கள் ஹீற்றர் சரியில்லை என்று எப்படிச் சொல்வது?

களுபோவில ஆஸ்பத்திரி டொக்டர் பிள்ளையைக் குளிர் தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அது மார்கழி மாதம், மழை விடவேயில்லை. குளியலறையில் இருந்தது, தண்ணீர் ஓடும்போதே சூடாக்குகிற சின்னப் பெட்டி. சுவிச் போட்டால்தான் சூடு, சுவிச் போட்டால்தான் கரண்ட். அடுப்பில் கொதிக்கவைத்துக் கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதையும் செய்தேன். ஒரு நாள் யோவேல் தவழ்ந்து வந்து என் காலில் முட்டினான். கொதிதண்ணீர் அவனுக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் ஊற்றுண்டது. அதோடு அதை விட்டேன்.

கணவர் கப்பல் கம்பனி ஒன்றில் கிளாக் வேலை. விடிய வெளிக்கிட்டால் இருட்டின பிறகுதான் வருவார். "அன்ரியிட்டச் சொல்லுமன். நீர் சொல்லாட்டி நான் சொல்லுறன்" என்றார். நீங்கள் சொன்னால் சண்டைபோல ஆகிவிடும், நானே சொல்கிறேன் என்று மறித்தேன். சொல்வதற்காகக் கீழே இறங்கியும் போனேன். அன்ரி கதவைத் திறந்தவுடனே, "பிள்ளை, இப்பத்தான் உம்மை நினைச்சனான்" என்று இடியப்பமும் சொதியும் போட்டு மூடிய கோப்பையைக் கையில் தந்தா. நான் நன்றி சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். அடுத்த முறை அவவுக்கு வெளிநாட்டிலிருந்து போன் வந்திருந்தது. அதற்கடுத்த முறை என்ன காரணம் கண்டுபிடித்தேன் என்பது நினைவில்லை.

ஆனால் ஜெபித்தேன். தினமும் முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, அன்ரியின் மனதில் நீரே பேசும், நான் கேட்காமலே அவ திருத்தித் தரவேண்டும் என்று மன்றாடினேன். அதை விசுவாசம் என்று நினைத்தேன். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, குழாயைத் துணியால் பிடித்துத் திறந்து, பிள்ளையைப் பேசினுக்குள் வைத்துக் குளிப்பாட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவன் பேசினின் விளிம்பைப் பிடித்து எழும்பினான். முதல் தடவையாக எழும்பினான். நான் சந்தோஷத்தில் கை தட்டினேன். அவன் மற்றக் கையை நீட்டிக் குழாயைத் தொட்டான்.

அந்த அலறலை நான் எழுத முடியாது. பின்னால் விழுந்தான். சில கணம் மூச்சு வரவில்லை. தூக்கிக்கொண்டு ஹோலுக்கு ஓடினேன். இயேசுவே, இயேசுவே என்பதைத் தவிர வாயில் வேறொன்றும் வரவில்லை. பிறகு அழுதான். அழுது முடித்து என் சங்கிலியைப் பிடித்து இழுத்து விளையாடினான். அவனுக்கு ஒன்றுமில்லை. என் கூச்சத்துக்காக என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தேனே என்று சுவரில் சாய்ந்து அழுதேன்.

அன்று பின்னேரம் பெண்கள் ஜெபக்கூட்டம். அந்த வாரம் அது ராணி அன்ரியின் ஹோலில்தான். கூட்டத்தை நடத்தும் எஸ்தர் அக்கா வழக்கம்போல ஒவ்வொருவரிடமும் விண்ணப்பம் கேட்டா. என் முறை வந்தது. கூட்டம் முடியத் தனியாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வாய் திறந்துவிட்டது. எங்கள் குளியலறை ஹீற்றரில் கரண்ட் அடிக்கிறது, பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாக இருக்கிறது, கர்த்தர் ஒரு வழி திறக்கும்படி ஜெபியுங்கள் என்றேன்.

எல்லாரும் அன்ரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்ரி என்னைப் பார்த்தா. அவவுக்கு அதுவரை ஒன்றுமே தெரியாது.

எஸ்தர் அக்கா கண்ணை மூடி உரத்த குரலில் தொடங்கிவிட்டா. "ஆண்டவரே, வீட்டுச் சொந்தக்காரரின் மனக்கண்களைத் திறவும்." எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அன்ரியும் சொன்னா. அந்த ஆமென் என் நெஞ்சில் குத்தியது.

பிறகு அன்ரி தேத்தண்ணியும் பற்றீசும் பரிமாறினா. எனக்கும் தந்தா. எல்லாரும் போன பிறகுதான் கேட்டா.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லாமச் சபைக்குச் சொன்னனீர்? என்ர பேரப்பிள்ளை எண்டா விட்டுட்டு இருப்பனோ? நான் என்ன கல்லோ?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். இந்த வீடும் போய்விடும், அன்ரியும் போய்விடுவா என்று தோன்றியது. முழங்காலில் நின்றேன். வழக்கமான வார்த்தைகள் எதுவும் வரவில்லை. நான் உம்மிடம் கேட்டது ஜெபமா, முறைப்பாடா என்று மட்டும் கேட்டேன். பதில் எனக்கே தெரிந்திருந்தது. உம்மை வைத்து அந்த மனுஷியை அடித்துவிட்டேன் ஆண்டவரே, என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போம் என்றேன். அவ்வளவுதான். எழும்பினேன். கால் நடந்தது.

அன்ரி குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தா. வெறுங்காலோடு ஈரச் சீமெந்துத் தரையில் நின்றா.

"அன்ரி, நான் செய்தது பிழை. முதல்ல உங்களிட்டத்தான் வந்திருக்க வேணும். காலமை பிள்ளைக்குக் கரண்ட் அடிச்சிட்டுது. ஹீற்றரைத் திருத்தித் தாங்கோ."

அவ்வளவு நாளும் சொல்ல முடியாததைச் சொல்ல அவ்வளவு நேரம்தான் எடுத்தது.

அன்ரி குழாயைப் பூட்டினா. உடனே மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஹீற்றரை எத்தனை மணிக்குப் போடுகிறீர் என்று கேட்டா. காலையில், ஏழு மணிக்குப் பிறகு என்றேன். அவ தன் விரல்களைப் பார்த்தா.

"எனக்கும் காலமையிலதான் விரல் விறைக்கிறது. இந்தக் குழாயடியிலதான். நான் சீனி வருத்தம் எண்டெல்லோ இருந்தனான்."

இரண்டு கூட்டங்களுக்கு முன்பு அன்ரி அந்த விரல்களுக்காக ஜெபிக்கச் சொல்லியிருந்தா. அவவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தது நான்தான். எனக்குச் செருப்பு, என் பிள்ளைக்குப் பேசின். அவவின் காலுக்குக் கீழே எதுவுமில்லை. நான் வாய் திறந்திருந்தால் அவவுக்கு அந்த ஆபத்தே வந்திராது.

அடுத்த நாள் காலை வயரிங் வேலை செய்கிற பாஸ் ஒருவர் வந்து பார்த்தார். ஹீற்றருக்குள் சுருள் வெடித்திருந்தது. ஏர்த் கம்பி அறுந்து கிடந்தது. கரண்ட் கசிந்தால் தானாக விழவேண்டிய ட்ரிப் சுவிச் இறுகிப்போய் விழாமல் நின்றது. மேலிருந்து அன்ரியின் குசினிவரைக்கும் பழைய இரும்புக் குழாய், அதன் வழியாகத்தான் கரண்ட் கீழே இறங்கியிருக்கிறது. இரண்டு வீட்டிலும் ஒருவரும் சாகாதது அதிர்ஷ்டம் என்று அவர் சிங்களத்தில் சொன்னார். அன்ரியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் அதை அதிர்ஷ்டம் என்று சொல்வதில்லை. கர்த்தர் எங்கள் இரண்டு பேர் தலைக்கு மேலும் தம் கையை வைத்திருந்தார். அன்றே அன்ரி புது ஹீற்றரும் புது ட்ரிப் சுவிச்சும் போடுவித்தா.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் எழுந்து நின்று, அன்ரிக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் சொல்லாமல் இருந்தேன் என்று எல்லாருக்கும் சொன்னேன். எஸ்தர் அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. தான் ஜெபித்த ஜெபத்துக்காக அன்ரியிடம் மன்னிப்புக் கேட்டா.

"பரவாயில்லை எஸ்தர்" என்றா அன்ரி. "என்ர கண் திறந்திட்டுது. இனி இவவின்ர வாய் திறக்க ஜெபியுங்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒன்று மாறியிருக்கிறது. ஜன்னல் கொளுக்கி கழன்றால் அன்றைக்கே இறங்கிப் போய்ச் சொல்கிறேன். அன்ரியும் சொல்கிறா. மத்தியானம் தான் படுக்கிற நேரம் யோவேல் மேலே கரண்டியால் தரையில் தட்டுகிறான் என்று போன மாதம் சொன்னா. எத்தனை நாளாக என்று கேட்டேன். வந்த நாளிலிருந்து என்றா.

சகோதரிகளே, நான் பெரிய விசுவாசி என்று காட்ட இதை எழுதவில்லை. கூட்டத்தில் நான் அப்படிச் சொன்னதைக் கர்த்தர் பயன்படுத்தினாரா, அல்லது என் பிழையையும் மீறி எங்களைக் காப்பாற்றினாரா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த ஈரத் தரையில் நின்ற கால்களை நினைத்தால் இப்போதும் மனம் குறுகுகிறது. விட்டுவிடு பிள்ளை என்று அன்ரி சொல்கிறா. கர்த்தரும் அதைத்தான் சொல்கிறார் என்று நம்பப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். அவ்வளவு நாள் ஜெபத்தில் நான் கேட்டது வேறு, அவர் தந்தது வேறு. நான் வாய் திறக்காமல் காரியம் நடக்கக் கேட்டேன். அவர் என் வாயைத் திறந்தார். உங்கள் விண்ணப்பத்திலும் ஒரு மனிதர் இருந்தால், அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டாம். பயமாக இருந்தால் அந்தப் பயத்தையும் ஆண்டவரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுந்து போங்கள். உங்களுக்கு முன்னே போய் அவர் அந்தக் கதவடியில் நிற்பார். எனக்கு நின்றார்.