அம்மா முடிவெடுத்த வாரம்

எங்கள் அம்மா கே.கே. நகரில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். போர்டு கிடையாது, ஆபீஸ் கிடையாது. காலையில் காலி மைதானம், ஒரு பழைய வண்டி, பின்சீட்டில் அம்மா. அவ்வளவுதான் செட்டப். ஓட்டுகிறவர் பதறிப்போய் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால், பின்னாலிருந்தே இரண்டு கையையும் நீட்டி பிரேக்கைப் பிடித்துவிடுவார். பேங்க் மேனேஜர், பல் டாக்டர் என்று பாரபட்சமே பார்க்காமல் எல்லாரையும் "ஏய் லூசு, ரோட்டப் பாரு!" என்று கத்துகிற உரிமை ஏரியாவில் அவர் ஒருவருக்குத்தான் உண்டு.

அந்த அம்மாவுக்குப் போன வருடம் இடது மார்பில் புற்றுநோய். சின்னக் கட்டியாக இருக்கும்போதே தெரிந்துவிட்டது. டாக்டர் மார்பை எடுக்கணும் என்றார், எடுத்தோம். அதுவரைக்கும் வீட்டில் பெரிய குழப்பம் இல்லை. பயந்தோம், அழுதோம், பசித்ததும் சாப்பிட்டோம். குழப்பம் வந்தது தையல் பிரித்த பிறகுதான்.

ரிசல்ட் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உட்காரச் சொன்னார். அக்குளுக்குப் பரவவில்லை என்றார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் அடுத்தது வந்தது.

"ஹார்மோன் மாத்திரை கண்டிப்பா போடணும், பல வருஷத்துக்கு. அதுல பேச்சே கிடையாது. கீமோதான் உங்க விஷயத்துல நடுவுல நிக்குது. எடுத்தா திரும்ப வர்ற வாய்ப்பு இன்னும் கொஞ்சம் குறையும். ஆனா உங்களுக்கு அந்த லாபம் சின்னதுதான். எடுத்தாலும் சரி, எடுக்கலைன்னாலும் சரி, ரெண்டுமே தப்பில்ல. யோசிச்சு அடுத்த வாரம் சொல்லுங்க."

"நீங்க என்ன சொல்றீங்களோ அதான் டாக்டர் எங்களுக்கு" என்றார் அப்பா.

"நான் சொல்லிட்டேனே சார். முடிவு அவங்களோடது."

அப்பாவின் வாழ்க்கையில் எந்த டாக்டரும் இப்படிச் சொன்னதில்லை. எங்கள் குடும்பத்தில் டாக்டர் என்றால் ஊசி போடுவார், தயிர் சாப்பிடாதே என்பார். நாங்கள் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தயிர் சாப்பிடுவோம். அதுதான் முறை. பார்க்கிங்குக்கு வந்ததும் அப்பா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தம்மாவுக்கே தெரியல போலருக்கு பாப்பா. வேற நல்ல டாக்டராப் பாப்பமா?"

"தெரியாம இல்லப்பா. நல்லாத் தெரிஞ்சதுனாலதான் அப்பிடிச் சொல்றாங்க."

"தெரிஞ்சா சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

அம்மா ஹெல்மெட் கொக்கியில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டே நின்றார். "ரெண்டு பேரும் வண்டிய எடுக்குறீகளா, இல்ல நான் ஆட்டோ புடிச்சுப் போகவா?"

நான் பயோடெக் படித்தவள். அதாவது, எதையும் தெரிந்தமாதிரிப் பேச லைசென்ஸ் வாங்கியவள். எனக்கு ஒரே கட்சிதான்: கீமோ எடுக்கணும். சின்ன லாபமோ பெரிய லாபமோ, இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு அடித்துவிடவேண்டும். நாளைக்குத் திரும்ப வந்தால் 'அன்றைக்கு எடுத்திருக்கலாமே' என்று நினைப்பதைப்போலக் கொடுமை உண்டா? இதையே ஸ்லைடு ஸ்லைடாகப் போட்டு டிவியில் கனெக்ட் செய்து அம்மாவுக்குக் காட்டினேன். அம்பு, வட்டம், கலர் எல்லாம் வைத்து, என் ஆபீஸில்கூட அப்படி உழைத்ததில்லை. அம்மா முழுசாகப் பார்த்தார்.

"முடிஞ்சுச்சா?"

"முடிஞ்சுச்சு. டவுட் ஏதாச்சும்?"

"சீரியல் ஆரம்பிச்சு பத்து நிமிசம் ஆச்சு. மாத்து."

அப்பாவுக்கு எதிர்க்கட்சி. ஆஸ்பத்திரி வார்டில் கீமோ ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. "அவளால தாங்க முடியாது பாப்பா" என்பார். தாங்க முடியாதது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. இடையில் வீட்டுக்கு வந்துபோகிற சொந்தங்கள் வேறு. ஒருத்தர் தன் மச்சினிச்சி கீமோ எடுத்து ஜம்மென்று இருப்பதாகச் சொல்வார். அவர் செருப்பு மாட்டுவதற்குள் இன்னொருத்தர் வந்து தன் ஓரகத்தி எடுக்காமலேயே ஜம்மென்று இருப்பதாகச் சொல்வார். அம்மா எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தார், ஒரு கையால்.

கடைசியில் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, கீழக்குயில்குடிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டார். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"இதுக்கு என்னத்துக்குத் தம்பி இம்புட்டு ரோசனை? எங்கூரு அய்யனாருகிட்ட பூக்கட்டிக் கேட்டுருவோம். அவரு சொல்லிப்புடுவாரு."

பூக்கட்டிக் கேட்பது என்றால், வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரேமாதிரி மடித்து சாமி முன்னால் போடுவார்கள். இந்தப் பூ வந்தால் செய், அந்தப் பூ வந்தால் விடு என்று வேண்டிக்கொள்ள வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். கல்யாணம், வீடு, கிணறு எல்லாம் எங்கள் பக்கம் இப்படித்தான் முடிவாகியிருக்கிறது. கீமோவுக்கு யாரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"இது சயின்ஸ் அத்தை!" என்று நான் எகிறினேன்.

"இருக்கட்டும்டி. அதயும் அவரு பாத்துக்குருவாரு."

ஆச்சரியம், அம்மா சரி என்றார். "வீட்லயே கெடந்து கெடந்து போரடிக்கிது. வாங்க மதினி, போவோம்."

அத்தை ஊர் மலையடிவாரக் கோயிலில் நல்ல வெயில். பூசாரி பொட்டலங்களைச் சாமி முன் போட்டுவிட்டு, "மனசுல நெனச்சுக்கங்க" என்றார். எல்லாரும் கண்ணை மூடினோம். நானும்தான். சயின்ஸை வெளியே செருப்போடு விட்டுவிட்டு, வெள்ளை வரட்டும், எடுக்கணும் என்று வேண்டிக்கொண்டேன். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

"பாத்தியா! எடுத்துக்கிறச் சொல்லிட்டாருல்ல!" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதே நொடியில் அப்பா, "அப்பாடா, வேணாம்னு வந்துருச்சு" என்றார். கண்ணில் தண்ணீர் வேறு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"என்னடா தம்பி ஒளர்ற? வெள்ளப்பூன்னா மருந்து எடுக்கணும்டா. மருந்து, டாக்டரு கோட்டு, எல்லாம் வெள்ளைதான?"

"எக்கா, அந்த மருந்தே செவப்பா இருக்குக்கா! நான் வார்டுல கண்ணால பாத்தேன். அதான் செவப்புன்னா மருந்து, வெள்ளைன்னா வேணாம்னு நெனச்சேன்."

"அத வாயத் தொறந்து சொல்ல வேணாமா?"

"நீ சொன்னியா?"

எந்தப் பூவுக்கு எது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள நான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் அத்தை பக்கம் சேர்ந்துகொண்டு, இரண்டுக்கு ஒன்று, மெஜாரிட்டி என்று கணக்குச் சொல்லிப் பார்த்தேன். அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "நீ என்ன நெனச்ச?"

"நான் ஒண்ணும் நெனக்கல. தரை சுட்டுச்சு. அதான் நெனச்சேன்."

இன்னொரு தரம் கேட்கலாமா என்று அத்தை பூசாரியிடம் மெதுவாக ஆரம்பித்தார். "சாமி என்ன ஒங்க வீட்டு வேலையாளா ஆத்தா? ஒருக்காத்தான்" என்று அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெளியே மரநிழலுக்கு வந்ததும் அம்மா சிரிக்க ஆரம்பித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அப்படிச் சிரித்ததே இல்லை. தையல் இருந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு, வலிக்கிறது என்றும் சொல்லிக்கொண்டு சிரித்தார். "சாமியும் டாக்டரம்மா மாதிரியே சொல்லிட்டாரு மதினி. முடிவு என்னோடதாம்." அத்தைக்குக் கோபம்தான். ஆனாலும் அவரும் சிரித்துவிட்டார். அப்பா மட்டும் பஸ் ஸ்டாப் வரைக்கும் வெள்ளை, சிவப்பு என்று முனகிக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரம் டாக்டரிடம் போகும்போது அப்பாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு அம்மா என்னை மட்டும் கூட்டிப்போனார். "நீயும் வாயத் தொறக்கக் கூடாது" என்பது கண்டிஷன். உள்ளே போய் உட்கார்ந்ததும் நேராகக் கேட்டார்.

"கீமோ எடுத்தா கை வெரலு மரத்துப்போகும்னு எங்கிட்ட வண்டி பழகுற ஒரு பொண்ணு சொல்லுச்சு. நெசமா டாக்டர்?"

"சிலருக்கு வரும். முக்காவாசிப் பேருக்கு நாளாக ஆகச் சரியாயிரும். ஒண்ணு ரெண்டு பேருக்குக் கொஞ்சம் தங்கிரும்."

"நான் கைய வச்சுத்தான் பொழைக்கிறேன். பின்னால ஒக்காந்து பிரேக்கு புடிக்கணும். இன்னொருத்தர் வீட்டுப் புள்ள உசுரு." பிரேக் பிடிப்பதைப்போல விரல்களை மடக்கிக் காட்டினார். "லாபம் பெருசுன்னு நீங்க சொல்லியிருந்தா வெரலு போனாப் போகுதுன்னு எடுத்துருப்பேன். சின்னதுன்னு சொல்றீங்க. வேணாம் டாக்டர். மாத்திரைய ஒருநா விடாமப் போடுறேன். வரச்சொல்ற நாளைக்கெல்லாம் வாரேன்."

"நல்ல முடிவும்மா."

"எடுக்குறேன்னு சொல்லியிருந்தா?"

"அதையும் நல்ல முடிவுன்னுதான் சொல்லியிருப்பேன்."

வாயைத் திறக்கக் கூடாது என்ற கண்டிஷன் ஆஸ்பத்திரி கேட்டோடு முடிந்தது. பழங்காநத்தம் சிக்னல் வரைக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டே கத்தினேன். திரும்ப வந்தா என்ன பண்ணுவ? எங்களப் பத்தி நெனச்சியா? சிக்னலில் நின்றதும் பின்சீட்டிலிருந்த அம்மா காதருகே வந்து சொன்னார்: "வந்தா வரட்டும். வந்தா அன்னைக்கு அதப் பாப்போம். எனக்கும் பயமாத்தான்டி இருக்கு. எடுத்திருந்தாலும் பயமாத்தான் இருந்திருக்கும்." பச்சை விழுந்தது. பின்னால் ஒரு ஷேர் ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்தியே பிடித்தான். எனக்குக் கண் மறைத்தது, ஆனாலும் வண்டியை எடுத்தேன்.

இப்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது. மாத்திரை தன் வேலையைக் காட்டுகிறது. மார்கழியிலும் அம்மாவுக்கு உடம்பு குப்பென்று வேர்க்கும், ஃபேன் ஐந்தில் ஓடும். அப்பா ஹாலில் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். காலையில் எழுந்ததும் முட்டி பிடித்துக்கொள்கிறது என்று அம்மா மாத்திரையைத் திட்டுவார், திட்டிவிட்டு விழுங்குவார். மைதானத்துக்குத் திரும்பப் போக ஆரம்பித்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, வீடு சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நானாக இருந்தால் எடுத்திருப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அது அம்மாவுக்கும் தெரியும்.

போன மாதம் வருடாந்திர செக்கப். ஸ்கேன் ரூமுக்கு வெளியே நான் நகத்தை எல்லாம் கடித்துத் தீர்த்துவிட்டேன். எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதும் வெளியே வந்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்.

"ஏதாச்சும் வந்திருந்தா, அன்னைக்கே சொன்னேன்ல, கேட்டியான்னு என்னைய வையலாம்னு ரெடியா வந்தியாக்கும்?"

"ஆமா" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"அடுத்த வருசமும் கூட வா. பாப்போம்" என்று சொல்லிவிட்டு அம்மா கேன்டீன் எந்தப் பக்கம் என்று நர்ஸிடம் விசாரிக்கப் போனார்.