கறுப்புக் குழாய்

கடலுக்கு அடியில் என் சிலிண்டர் தீர்ந்துபோனால் நான் யாருடைய காற்றை இழுப்பது? திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு இந்த ஒரு கேள்வியை வைத்தே பல நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன்.

“என்றதத்தான் அம்மிணி, வேற யாருது?” என்பார் என் கணவர். சொல்லிவிட்டு உடனே குறட்டையும் விடுவார். அதுதான் எனக்கு எரிச்சல்.

பனியன் கம்பெனிகளுக்கு ஜிப், நூல், எலாஸ்டிக் சப்ளை செய்கிறவர் அவர். அவிநாசிப் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளில் குதித்து வளர்ந்த உடம்பு. ஒருமுறை புதுச்சேரியில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் போய்வந்த பிறகு வேறு பேச்சே கிடையாது. கரையில் உட்கார்ந்து அவரை நினைத்துப் பயப்படுவதற்கு, கூடவே போய்ப் பயப்படலாம் என்று நானும் படித்துத் தொலைத்தேன். நான் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆர்டர் குறையில்லாமல், நேரத்துக்குக் கப்பல் ஏறுமா என்று கவலைப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

இனி வாடகைச் சாமான் வேண்டாம், சொந்தமாக வாங்கலாம் என்று அவர் ஆரம்பித்தபோது என் கவலைக்கும் வேலை வந்தது. வாயில் கடித்துக்கொள்ள ஒரு ரெகுலேட்டர் உண்டு. கூட வருகிறவருக்குக் காற்று தீர்ந்தால் கொடுப்பதற்கு உபரியாக இன்னொன்று வேண்டும். அதே சிலிண்டரிலிருந்து நீளக் குழாயில் தொங்குவது ஒரு வகை. மிதப்பதற்காகப் போடும் சட்டையில் காற்றடிக்கும் பொத்தானோடு சேர்ந்தே வருவது இன்னொரு வகை. மூன்றாவது, தனியாக ஒரு குட்டிச் சிலிண்டர். எனக்கு அந்தக் குட்டிச் சிலிண்டர்தான் வேண்டும். யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் பாருங்கள்.

“அதுக்குக் காத்து எங்க புடிப்ப? உன்ற கம்பெனி வீரபாண்டி யூனிட்டுல கம்ப்ரசர் சும்மாதான் கெடக்குது” என்று சிரித்தார்.

“ஏனுங்க, அந்த எண்ணெக் காத்தக் குடிச்சு நான் சாகோணுமாக்கும்?” என்று கத்தினேன். கடைசியில் நீளக் குழாய் என்று முடிவானது. ஆர்டரை அவரே போட்டார்.

பெட்டி வந்தது. உடை கறுப்பு, முகமூடி கறுப்பு, குழாய் கறுப்பு, உபரி ரெகுலேட்டரும் கறுப்பு. வாடகைக்குக் கொடுத்ததெல்லாம் மஞ்சளாக இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவரோ குழாயை உடையின் மேல் வைத்து, “பாரு, ஷேட் அப்படியே மேட்ச்!” என்றார். நூல் ஒரு பொட்டு வெளுத்திருந்தாலும் சரக்கு திரும்பிவந்துவிடும் ஊரில் பிழைக்கிறவர்கள் நாங்கள். நானும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. மனதுக்கு நிறைவாகக்கூட இருந்தது.

புதுச்சேரிப் பயிற்சியாளர் அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார். “கறுப்பு மேல கறுப்பா? முதல்ல கரையோரம் ஒரு பயிற்சி பண்ணிடலாம். அப்புறம்தான் படகு” என்றார்.

ஆளை மூழ்கடிக்கும் ஆழம்தான். ஆனால் மணல் கலங்கி, எதிரே நின்ற என் கணவர் நிழலாகத்தான் தெரிந்தார். சொல்லிக்கொடுத்தபடி கழுத்தின் குறுக்கே கையை இழுத்து, காற்று இல்லை என்று சைகை காட்டினேன். என்னுடையதை வாயிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் கை இடுப்பைத் தடவியது. நெஞ்சைத் தடவியது. நானும் தடவினேன். கறுப்பு உடையில் கறுப்புக் குழாய் இருக்கிற இடமே தெரியவில்லை. என்னுடையது என் தோளோரம் காற்றோடுதான் தொங்கியது, அது ஞாபகத்துக்கே வரவில்லை. நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது. அவர் வாயில் இருந்ததை வெடுக்கென்று பிடுங்கி என் வாயில் வைத்துக்கொண்டேன்.

எனக்கு மூச்சு வந்தது. அவர் வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு முதுகுப் பக்கம் துழாவிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டே இழுத்தேன். ஒருவழியாக அவருக்கு உபரி கிடைத்தது.

மேலே வந்ததும் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “கடலுக்குள்ள யாருங்க வந்து ஷேட் பாக்கப் போறாங்க?”

“பயந்தவங்க கை அடுத்தவங்க வாயில இருக்கறதுக்குத்தான் போகும். அதையே கொடுத்துடுங்க. உபரிய உங்க கழுத்துல மாட்டிக்குங்க, தாடைக்குக் கீழ” என்றார் பயிற்சியாளர். என் கணவர் காரிலிருந்த சாம்பிள் பையைக் குடைந்து எலாஸ்டிக் எடுத்துவந்தார். நல்ல எலுமிச்சை மஞ்சள். எதோடும் ஒட்டாத நிறம். இரண்டு வளையம் கட்டி, உபரிகளை இருவர் கழுத்திலும் தொங்கவிட்டார்.

மறுபடி இறங்கினோம். இந்த முறை அவர்தான் கேட்க வேண்டும், நான் கொடுக்க வேண்டும். அத்தனை நாளும் எனக்கு யார் கொடுப்பார்கள் என்றுதான் பயந்தேன். நான் கொடுப்பேனா என்ற பயம் ஒருநாளும் வந்ததில்லை.

அவர் கழுத்தின் குறுக்கே கையை இழுத்தார். என் கை ரெகுலேட்டரைப் பிடித்தது. பல் விடவில்லை. தாடைக்குக் கீழே இன்னொன்று தொங்குகிறது, தெரியும், தொட்டும் பார்த்தேன். அப்படியும் பல் விடவில்லை. ஒரு மூச்சு இழுத்தேன். இன்னொன்றும் இழுத்தேன். அவர் தன்னுடையதை வாயிலிருந்து விட்டுவிட்டு, கையை நீட்டியபடி நின்றார். பிடுங்கவில்லை.

பிடுங்கியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். வாயைத் திறந்தேன்.