எங்கட மந்திரி

எழுபதுகளில், டண்டினொங் ரயிலில் தினமும் காலையில் எனக்கு எதிரே ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் உட்காருவார். கனடாவில் குடியுரிமை பெற்று, பிறகு வேலைக்காக இங்கே மெல்பேர்ணுக்கு வந்தவர். கம்பளித் தொப்பி, தடித்த கண்ணாடி. அங்கேயே இருக்கும் அவருடைய தம்பி தபாலில் அனுப்பும் பழைய கனடியப் பத்திரிகையை விரித்து, மந்திரிமாரின் படங்களை விரலால் குத்திக் குத்தி ஏசுவார். பெட்டி முழுக்கக் கேட்கும்.

"பாரும் ஐசே, எங்கட மந்திரி ஒருத்தன் வழக்கு விசாரிக்கிற நீதவானுக்கு ஃபோன் எடுத்துக் கதைச்சிருக்கிறான். வெக்கங்கெட்டவன்!" என்றார் ஒருநாள்.

"பிறகு?"

"பிறகென்ன, பதவி போச்சு. அதோட விடக்கூடாது எண்டுறன் நான்."

எனக்கு வயிறு எரிந்தது. ஒரு ஃபோனுக்குப் பதவி போகிற நாடு! அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அந்த 'எங்கட'வைத்தான் தாங்க முடியவில்லை. பிறந்த நாட்டு மந்திரி எவரையும் நான் அப்படி உரிமையோடு ஏசியதில்லை.

"நீர் இப்பதானே கொழும்பிலயிருந்து வந்தனீர். அங்க மந்திரியள் எப்பிடி?"

எங்களைத் தவிர அந்தப் பெட்டியில் தமிழ் தெரிந்தவர் எவருமில்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நல்லாத்தான் இருக்கினம், அண்ணை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மந்திரியின் படம் இருந்த தாளைப் பிரித்து என் மடியில் வைத்தார்.

"இந்தாரும், முதல்ல இவனை ஏசிப் பழகும்."